பலகையில் நீ எழுதிய மூன்று எழுத்து

வேலை நேரத்தில் வந்திருந்து என்னை வேலை செய்யவிடாத என் ஞானம் மச்சானுக்கு,

நீ போய் எட்டு மாதம். மரக்காலையில் உன் கதிரையை நான் இன்னும் எடுக்கவில்லை. மரம் வாங்க வருகிறவர்கள் அதில் உட்காரப் போனால், கால் ஆடுது என்று பொய் சொல்லி வேறு கதிரை போடுகிறேன்.

இன்று பின்னேரம் தச்சு ஓடாவி சீவுளியோடு வருகிறார். நீ எழுதிவிட்டுப் போன பலகையைச் சீவலாமா, வேண்டாமா? அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வரவேண்டும். இப்படியான கதைகளுக்கு எனக்கு இருந்த ஆள் நீ ஒருவன்தான்.

அந்தப் பலகை வந்த நாள் ஞாபகமா? துறைமுகத்துப் பக்கம் இடித்த பழைய பங்களாவின் கதவு, நிலை எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்தேன். அதோடு ஒரு உடுப்புப் பெட்டியும் வந்தது. அடிப்பக்கம் ஏதோ மலிவான மரம், உக்கிப் போயிருந்தது. மூடி மட்டும் நேற்று அறுத்ததுபோல இருந்தது. முதிரை, பாலை, தேக்கு என்று மூக்கை வைத்தே மரம் சொல்லுகிற எனக்கு அந்த மூடி பிடிபடவில்லை. நீ துறைமுகக் கந்தோரில் பென்சன் எடுத்த கிளாக்கர். குனிந்து மணந்து பார்த்தாய். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாய்.

"நசீர், இது கேதுருவடா, பைபிளில வாற மரம்."

லெபனான் மலையில் நின்ற மரமா, இமயமலைப் பக்கத்தில் அதற்கு இருக்கும் சொந்தக்காரன் தேவதாருவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொந்தக்காரன் என்றாலும் இரத்தம் ஒன்றுதானே என்று நீ முடித்துவிட்டாய்.

அறுபது வயதில் கைபேசியில் பாடம் கேட்டு நீ எபிரேய அரிவரி படித்த காலம் அது. வலப்பக்கத்திலிருந்து எழுதுவதை நான் ஏழு வயதிலேயே அரபியில் படித்துவிட்டேன் என்று உன்னைப் பகிடி பண்ணுவேன். கேதுருவுக்கு எபிரேயத்தில் 'எரெஸ்' என்று சொன்னாய். நான் மௌலவியிடம் கேட்டு வந்து, அரபியில் 'அர்ஸ்' என்றேன். உனக்கு வந்த சந்தோசம்! பெரிய மரமல்லவா, இரண்டு வளவுக்கும் நிழல் விழுகிறது என்றாய்.

அந்தச் சொல்லின் வேரில் உறுதி என்ற கருத்து இருப்பதாகச் சிலர் சொல்கிறார்களாம். ஆழமாக வேர்விட்டு அசையாமல் நிற்பது. அரசர்கள் மாளிகையையும் ஆலயத்தையும் அந்த மரத்தால்தான் இழைத்தார்களாம். கர்வம் பிடித்தவனுக்கும் அதே மரத்தையே உவமை சொன்னார்களாம். எவ்வளவு உயர்ந்தாலும் முறிக்கிறவன் மேலே இருக்கிறான் என்று. அதைச் சொல்லும்போது நீ மரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். மூதூரிலிருந்து மரம் அறுக்கிற ஒரு கைவாளோடு வந்து மூன்று லொறி வாங்கினவனை இந்த ஊரில் வேறு யார் அப்படிப் பார்ப்பார்கள்?

எனக்குப் பிடித்தது நீ சொன்ன மற்றக் கதை. தொழுநோய் மாறினவனைத் திரும்ப ஊருக்குள் சேர்க்கும் சடங்கில், கேதுருக் கட்டையையும் ஈசோப்பு என்ற சின்னப் பூண்டையும் சிவப்பு நூலோடு சேர்த்து எடுப்பார்களாம்.

"மலையில நிக்கிறதும் மதிலில முளைக்கிறதும் ஒரு கட்டுக்குள்ள, மச்சான். ஒண்டை விட்டுட்டு மற்றதால ஏலாது."

"யாபாரத்தில அப்பிடிக் கட்டினா ஒருத்தனும் வாங்கமாட்டான்" என்றேன். நீ சிரித்துச் சிரித்து இருமினாய். அந்த இருமலை நான் பெரிதாக எடுக்கவில்லை.

அன்றைக்கே, உங்கள் சின்னக் கோயிலில் வேதம் வைத்து வாசிக்கிற மேசைக்கு இந்த மூடிதான் வேண்டும் என்று பென்சிலை எடுத்தாய். எங்கள் மரக்காலை வழக்கம் உனக்குத் தெரியும். பிடித்த பலகையில் ஒருவர் தன் பெயரை எழுதிவிட்டால் அது அவருக்கு. பிறகு யார் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை. நீ உன் பெயரை எழுதவில்லை. அந்த மரத்தின் பெயரை மூன்று எபிரேய எழுத்தில், நல்ல பக்கத்தில், அழகாக எழுதினாய்.

நிலாவெளியில் ஹோட்டல் கட்டுகிற ஒருவர் அந்த மூடியில் ஆசை வைத்திருந்தார். நான் யாபாரிதானே. "உன்ர பேர் இதில இல்லையே மச்சான், பிறகு பாப்பம்" என்றேன், பகிடிபோல. நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு இரண்டு தரம் அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தாய், கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் தந்திருப்பேனா? தந்திருப்பேன் என்று எழுதக் கை வருகுதில்லை.

உன்னை அடக்கம் செய்த அடுத்த கிழமை ஹோட்டல்காரர் வந்தார். விற்கிறதில்லை, பெயர் எழுதியாச்சு என்று அனுப்பிவிட்டேன். பிறகு மாரி தொடங்கியது. உன் பலகையில் கறையான் ஏறிவிடும் என்ற பயத்தில், எல்லா மரத்துக்கும் செய்கிறதுபோல, பாவித்த எஞ்சின் ஒயிலை நானே இரண்டு பக்கமும் பூசினேன். கறையான் அண்டாத மரம் என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

போன மாதம் உன் மனைவி மெர்சி வந்து, நீ சொன்ன வாசத்தை ஒருக்கால் பார்க்கவேண்டும் என்றா. குனிந்தா. கராஜ் மணம்தான் வந்தது. நிமிர்ந்து, வந்த வழியே போய்விட்டா. இரண்டு நூல், கால் அங்குல ஆழத்துக்குச் சீவினால் வாசம் திரும்பும் என்கிறார் ஓடாவி. ஆனால் உன் எழுத்து போய்விடும். உன் கையெழுத்தில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான் மச்சான். ஒயிலுக்குக் கீழே கறுத்துப்போய் இன்னும் தெரிகிறது. தினமும் காலையில் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் படலை திறக்கிறேன்.

லொறிச் சத்தம் கேட்கிறது. ஓடாவியும் மெர்சியும் ஒன்றாக வந்திருக்கிறார்கள். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

அஸர் தொழுதுவிட்டு வந்து எழுதுகிறேன்.

பலகையைச் சீவுகிற மேசையில் வைத்த பிறகும் நான் அதில் கையை வைத்துக்கொண்டே நின்றேன். சீவினால் உன் எழுத்து போய்விடும் என்று மெர்சியிடம் சொன்னேன்.

"அவர் எழுதினது மரத்தின்ர பேர்தானே, நசீர் நானா. மரத்துக்கே அந்த வாசம் இல்லாட்டி, அந்தப் பேர் ஆருக்கு?"

நான் கையை எடுத்தேன்.

முதல் இழுப்பில் உன் எழுத்து சீவலோடு சுருண்டு வந்து, நடுவில் முறிந்தது. ஓடாவி என் முகத்தைப் பார்த்தார். சீவுங்கோ என்றேன். நாலாவதோ ஐந்தாவதோ இழுப்பில் வந்தது மச்சான். ஒயில் மணத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஓடாவி சீவுளியை நிறுத்திவிட்டார். மெர்சி குனிந்து மணந்து பார்த்தா. பிறகு, உன்னைப்போலவே, கண்ணாடியைக் கழற்றினா.

அவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பலகையைப் புரட்டினேன். அடிப்பக்கத்தில், ஒருவரும் பார்க்காத இடத்தில், தமிழில், பெரிய எழுத்தில் 'ஞானம்' என்று எழுதினேன். வழக்கப்படி இனி அது உன்னுடையது. இதை அன்றைக்கு உன் கையில் பென்சிலைத் தந்து எழுது என்று சொல்லியிருக்கலாம்.

ஓடாவி இதில் வேதம் வாசிக்கிற மேசையைச் செய்து முடித்ததும் லொறியில் அனுப்பமாட்டேன். உன் கோயில் வாசல்வரை நானே தூக்கிக்கொண்டு வருவேன். முதல் வாசிப்பு முடியும்வரை வெளியே நிற்பேன். அந்த வாசம் வாசல்வரை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மரக்காலைக்குத் திரும்புவேன்.

உன் பெயரைப் பிந்தி எழுதிய மச்சான்,
மூதூர் நசீர்