கையால் குலுக்கிய போத்தல்

நானா,

இன்று விடியல் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தேங்காய் அடித்த பிளெண்டரைக் கழுவி, அந்தத் தண்ணீரைப் போத்தலில் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தும் பால் போல வெளுத்தே நின்றது. எண்ணெய் மேலே வரவில்லை. சுவரில் அடித்து உடைக்கக் கை ஓங்கியது.

எண்ணெய் ஆலையில் கழிவுத் தொட்டி உங்கள் பொறுப்பு. இயந்திரம் கழுவிய தண்ணீரைத் தேக்கி, எண்ணெய் மிதந்ததும் வழித்தெடுத்து, அடித்தண்ணீரைக் கடலோரக் களப்பு நீர்நிலைக்குத் திறக்க வேண்டும். எவ்வளவு நேரம் தேக்குவது என்று ஒருவருக்கும் தெரியாது.

"வீட்டுக் கணக்கச் சதத்துக்குச் சதம் எழுதுறவதானே புள்ள, இதையும் பாத்துச் சொல்லு," என்று தங்கச்சி என்னிடம் கேட்டீர்கள்.

போத்தலில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினேன். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் குறித்தேன். தொட்டியின் ஆழத்துக்குப் பெருக்கினேன். "ஒரு மணித்தியாலம் போதும் நானா."

"என்ஜினியருக்கே வராத கணக்கு!" என்று சிரித்தீர்கள்.

நான் கையால் குலுக்கினேன். ஆலையிலோ மோட்டர் தண்ணீரை அறைந்து தள்ளியது. அந்த அடியில் எண்ணெய் பொடித்துளிகளாகச் சிதறும், பொடித்துளி ஏற நாட்கணக்காகும் என்று அன்று எனக்குத் தெரியாது. ஒரு மணித்தியாலத்தில் திறந்தீர்கள். களப்பில் இறால் செத்து மிதந்தது.

மீன்பிடிகாரர் துடுப்புகளோடு ஆலைக்குள் பாய்ந்தபோது, உங்கள் சோற்றோடு நான் வாசலில் நின்றேன். கண்ணாடிகள் நொறுங்கி விழுந்தன.

"எவன்டா தொறந்தவன்? யார்ட கணக்கு?"

"என்ட கணக்குத்தான்," என்றீர்கள், என் பக்கம் திரும்பாமலே.

துடுப்பு மண்டையில் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. தொட்டிக்குள் விழுந்தீர்கள். அந்த வெள்ளைத் தண்ணீர் சிவந்தது. நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் உயிர் போய் மௌத்தானீர்கள்.

நேரத்துக்கு முந்தித் திறந்தது உங்கள் குற்றம் என்று முதலாளி சொல்லி வைத்திருக்கிறார். உங்கள் இடத்துக்கு வந்தவர் நேற்று வீட்டுக்கு வந்தார்.

"அந்த ஒரு மணித்தியாலக் கணக்கு வேணும் ராத்தா. நாளையிண்டைக்கு ஆலை தொறக்குறம்."

அதற்காகத்தான், ஆலை மோட்டரைப் போல பிளெண்டர் அடித்த இன்றைய போத்தல். அஸருக்குப் பின் அதையும், கையால் குலுக்கிய இன்னொன்றையும், கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். களப்பு மீன்பிடிகாரரும் வந்து நின்றார்கள். ஒன்று தெளிந்திருந்தது, மற்றது வெளுத்திருந்தது. எல்லோரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"மோட்டரக் கழட்டுங்க. தண்ணி சரிவுல மெல்ல வரட்டும். நானா நேரத்துக்குத்தான் தொறந்தாரு. கணக்குத்தான் பிழை."

"யார்ட கணக்கு அது?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"என்ட," என்றேன்.

தலை தானாகக் குனிந்தது, நானா. ஒரு துடுப்பும் இறங்கவில்லை. எனக்கு வர வேண்டிய அடியை நீங்கள் முன்பே வாங்கிப் போய்விட்டீர்கள். குனிந்த தலை பொழுது சாய்ந்து மஃரிப் ஆகியும் நிமிரவில்லை.