கப்பல் நின்ற ஒரு பகல்

ரோசோ, டொமினிக்கா
9 பிப்ரவரி 2019

ஜெர்வினாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்பதை உன் புருஷன் என் வண்டியில் உட்கார்ந்து அருவி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

செவ்வாய்க்கிழமை வந்தது உங்கள் கப்பல். நான் துறைமுகத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். நான் இப்போது டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன், உனக்குத் தெரிந்திருக்காது. முன் சீட்டில் வந்து ஏறியவர் டெல்ராய் என்று பெயர் சொன்னார். டொரண்டோவில் வீடுகளுக்குக் கூரை போடுகிறாராம். நல்ல மனிதர், வாய் ஓயவில்லை. காலையில் மேல்தளத்தில் காப்பி, மதியம் நிழலில் தூக்கம், ஆண்டிகுவாவில் கடல் குளியல், சாயங்காலம் உன்னோடு நடனம். "கல்யாணமாகி மூணு வருஷம், இப்பத்தான் காலை நீட்டி உட்கார்ந்திருக்கோம் அக்கா" என்றார்.

எனக்கே சந்தோஷமாக இருந்தது. "வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டேன்.

"தலைவலின்னு கப்பல்லயே படுத்துட்டா. அவ பொறந்தது இந்த ஊருதான். பார்த்தா சந்தோஷப்படுவான்னுதான் இந்தக் கப்பலையே பிடிச்சேன். ஆனா அம்மா, அக்கா யாருமே உயிரோட இல்லை. இறங்கி என்னத்தைப் பார்ப்பா, பாவம்" என்று போனை நீட்டினார். படத்தில் நீ.

வளைவில் வண்டியை நிறுத்திவிட்டேன். "என்ன அக்கா, பேச்சையே காணோம்?" என்றார். "ரோடு மோசம்" என்றேன். உன் குடும்பத்தைக் கலைக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் உன்னைக் கேட்பேன். உயிரோடு இருக்கிறவர்களைப் புதைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? ஒன்பது வருஷமாக ஒரு வரி கிடையாது. புயலில் கூரை பிய்த்துக்கொண்டு போனபோது அம்மாவும் நானும் மேஜைக்கு அடியில் கிடந்தோம். அவள் சொன்ன பெயர் உன்னுடையது. இந்தச் செவ்வாய்க்கிழமை நீயோ பத்து நிமிஷ நடை தூரத்தில் கப்பல் மெத்தையில் படுத்திருந்தாய்.

முகவரி உன் புருஷன் கொடுத்த அட்டையில் இருந்தது. போனில் கூப்பிட்டால் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எஸ்மின்
(செத்துப்போன உன் அக்கா)


டொரண்டோ
3 மார்ச் 2019

அக்காவுக்கு,

உன் கோபத்தைப் படித்தேன். இப்போது நீ என்னுடையதைப் படி.

நான் மெத்தையில் படுத்திருக்கவில்லை. டெல்ராய் போனதும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஊரில் கால் வைக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. நம் சந்துக்குப் போனேன். அம்மா வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்துவிட்டாள். நான் கேட்டில் கை வைத்து நின்றேன். ஒரு வார்த்தை கூப்பிட்டால் உள்ளே போய்விடுவேன் என்று நின்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வழி தப்பிட்டீங்களா மேடம்? கப்பல் அந்தப் பக்கம்" என்றாள். நம் வீட்டுக் கிரியோலில் இல்லை, டூரிஸ்டுகளிடம் பேசுகிற இங்கிலீஷில். கையை நீட்டி வேறு காட்டினாள். வந்துவிட்டேன்.

அது எனக்குப் புதிதா என்ன? கெல்வர்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தபோது அவன் என் கையை முறித்த அன்றைக்கும் அதே கேட்டில்தான் நின்றேன். "புருஷன்னா கை நீட்டத்தான் செய்வான். போய் மன்னிப்புக் கேளு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நான் எந்த முகத்தோட உட்காருவேன்?" என்றாள். உள்ளே விடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். அந்த வாரமே கட்டுப் போட்ட கையோடு பக்கத்துத் தீவான குவாடலூப்புக்குப் படகில் ஏறினேன்.

நீ தேடி வருவாய் என்று நினைத்தேன். வரவில்லை. எல்லாம் தெரிந்துதான் நீயும் அவள் பக்கம் நின்றாய் என்று முடிவு கட்டினேன். டெல்ராயிடம் என் வீட்டார் இறந்துவிட்டார்கள் என்று சொன்னபோது அது எனக்குப் பொய்யாகவே தோன்றவில்லை.

ஜெர்வினா


ரோசோ
24 மார்ச் 2019

ஜெர்வினா,

உன் கை முறிந்தது எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலையில் இருந்திருப்பேன். "உன் தங்கச்சி எவன் கூடவோ படகேறிட்டா. இனி அவ பேரை இந்த வீட்டில எடுக்காதே" என்றுதான் அம்மா சொன்னாள். அதை நம்பிக்கொண்டு இத்தனை வருஷமும் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதி உரித்த வாழைக்காயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு வந்தது அவதான்னு உனக்குத் தெரிஞ்சுதா?" என்றேன்.

"சந்து திரும்பும்போதே தெரிஞ்சுது. நடை மாறுமா?"

"அப்புறம் எதுக்கு விரட்டினே?"

"பயமா இருந்துச்சு எஸ்மின். தெருவுல நின்னு கத்துவாளோன்னு பயந்துட்டேன்."

"கத்தட்டுமே. நீ செஞ்ச காரியத்துக்குக் கத்தாம உன்னைக் கொஞ்சுவாளா?" என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது சாப்பாடு கொடுத்தனுப்புகிறேன், நான் உள்ளே போவதில்லை. அவள் அழுகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அழட்டும்.

உன்னைச் சும்மா விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அவளைப் புதைத்தாய், அதில் நியாயம் இருக்கிறது. என்னை எதற்குப் புதைத்தாய்? ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருந்தால் அடுத்த படகிலேயே வந்திருப்பேனே. டெல்ராயிடம் உண்மையைச் சொல். நான் உயிரோடு இருக்கிறேன் என்றாவது சொல்.

எஸ்மின்


டொரண்டோ
20 ஏப்ரல் 2019

அன்புள்ள எஸ்மின் அக்கா,

சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார். "அந்த வேன்கார அக்காவா? அவங்க செத்துட்டதா அவங்ககிட்டயே சொல்லிட்டு வந்திருக்கேனே. என்னை எப்பேர்ப்பட்ட முட்டாளா ஆக்கிட்டே" என்றார். கப்பலில் எடுத்த படங்களைச் சுவரில் மாட்டுவதாக இருந்தார், அப்படியே டிராயரில் போட்டுவிட்டார்.

நேற்று விமான டிக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு மட்டும். "நீங்க வரலையா?" என்று கேட்டேன். "நான் வந்தா என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவே. நீ தனியாப் போ" என்றார். கோபம் போகவில்லை. ஆனால் என் பெட்டியைப் பரணிலிருந்து அவரே இறக்கி வைத்தார்.

மே முதல் வாரம் வருகிறேன். உன் வீட்டில்தான் தங்குவேன். உன்னைக் கேட்காமலே உன்னைச் சாகடித்தேன். அதற்கு நீ எவ்வளவு திட்டினாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா வீட்டுக்கு நான் போகமாட்டேன். அந்தக் கேட்டில் இன்னொரு முறை நிற்க என்னால் ஆகாது. நான் வந்திருப்பதை அவளிடம் சொல், வேண்டுமானால் அவள் வரட்டும். அவள் பயந்தது சரிதான் என்பதையும் சொல்லிவிடு. நான் கத்தத்தான் போகிறேன், தெருவுக்கே கேட்கும்படி.

அது தெரிந்தே அவள் வரட்டும்.

உன் தங்கை,
ஜெர்வினா