சூடு பட்ட தட்டில் கூடிய புள்ளிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பால் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். என் தலைக்குள்தான் நாலு நாளாகச் சுகமில்லை. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை.

நீ படித்தவள், புரிந்தால் சொல். பால்பவுடர் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக நான் செய்கிற சோதனைதான். பவுடரைக் கரைத்து ஒரு பாதியை அப்படியே தட்டில் ஊற்றுவேன், மறுபாதியை எண்பது டிகிரிச் சூட்டில் பத்து நிமிஷம் வைத்து, ஆறவிட்டு, இன்னொரு தட்டில் ஊற்றுவேன். இரண்டு நாள் கதகதப்பில் வைத்தால் கிருமி இருக்கிற இடமெல்லாம் புள்ளி புள்ளியாக வளரும், எண்ண வேண்டியதுதான். சூடு பட்ட தட்டில் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். இந்த முறை சூடு படாததில் முப்பத்தெட்டு, சூடு பட்டதில் இருநூற்றுத் தொண்ணூறு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன், அதேதான். சூட்டில் செத்ததைப் பார்த்திருக்கிறேன், பெருகியதை எங்கே பார்த்தேன்? புது மேலாளர் சிரித்துவிட்டு, தட்டுல சீட்டை மாத்தி ஒட்டிட்டீங்கம்மா, வயசாயிடுச்சுல்ல என்றார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அன்று காலையில் வீட்டுச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தவள்தானே நான். திரும்பவும் செய்தேன், அதே கதை. அதே கைதானே, அதே தப்புதான் வரும் என்கிறார். ஓய்வு பெற்றுப் போன பழைய மேற்பார்வையாளர் அம்மாவுக்குப் போன் போட்டேன். சில கிருமி ஓட்டுக்குள்ள தூங்கும், அந்தச் சூடு அதைக் கொல்லாது, தட்டி எழுப்பித்தான் விடும் என்றார். அப்படியானால் எவ்வளவு சூடு எழுப்பும், எவ்வளவு சூடு கொல்லும், சூடு படாத தட்டில் அவை பேசாமல் தூங்கிக்கொண்டா இருந்தன? கேட்கக் கேட்கக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலாகிவிட்டது.

பவுடர் வெளியே போகலாமா என்று சூடு பட்ட தட்டுதான் சொல்லும், அதில் நூறைத் தாண்டினால் போகக் கூடாது. சீட்டு மாறிவிட்டது என்று மேலாளர் நீட்டிய தாளில் நான் கையெழுத்துப் போட்டால் அந்தக் கணக்கு முப்பத்தெட்டாகிவிடும், நானூறு மூட்டையும் வண்டி ஏறிவிடும். எல்லாம் கைக்குழந்தைகளுக்குக் கலக்குகிற பவுடர். போடாவிட்டால் நாளைக்கு அப்புறம் வர வேண்டாம் என்கிறார். ஊரோட ஒத்துப் போயேன், ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம்தானே என்கிறார் உன் அப்பா. அதுவும் நியாயமாகத்தான் படுகிறது, பயமாகவும் இருக்கிறது. உன்னைக் கேட்டுச் செய்யலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நான்தான் தப்புப் பண்ணினேனா, சூடுதான் அவற்றை எழுப்பியதா, சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எப்படி எழுதிக் கொடுப்பேன், கண்ணு? எனக்குத் தெரியவில்லை, தெரிகிற வரைக்கும் மூட்டையை நிறுத்துங்கள் என்று அந்தத் தாளிலேயே எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடப் போகிறேன்.

பிழைக்கத் தெரியாதவள் என்று அப்பா உனக்குப் போன் பண்ணுவார், கேட்டுக்கொள், எதிர்த்துப் பேசாதே. சமைத்ததை நாள் முழுக்க அடுப்பு மேலேயே விட்டுவைக்காதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள்.

நாளை மறுநாள் முதல் வீட்டில் இருக்கப் போகும்,
உன் அம்மா