உருளைக்கற்களில் ஓடும் சக்கரம்

சனிக்கோளின் நிலவு டைட்டன், கீழ்க்கரை நிலையம். நாள் 212, காலை 7.10

இதைக் கண்டெடுப்பவருக்கு: இங்கே இருவர் இருக்கிறோம். நான் செலஸ்தீன், வானிலை ஆய்வாளர். மற்றவர் லாசர், பாறை ஆய்வாளர்.

காலைப் பறப்பு ரத்து. மீத்தேன் மழை ஓடுதளம் முழுக்க எலுமிச்சை அளவுப் பனிக்கற்களைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. வெப்பநிலை அளக்கும் என் விமானம் முழங்கை நீளம். இரண்டு எஃகுக் கம்பிகளின் நுனியில் என்னைச் சுற்றி வட்டமாகப் பறக்கும். கைப்பிடி என் கையில். மின்சாரமும் கம்பி வழியேதான். சக்கரங்கள் நாணய அளவு. இந்தத் தரையில் ஓடா.

லாசர் வண்டியில், நிலையத்துக்கு அருகிலுள்ள மேட்டுக்கு அப்பால் பாறை மாதிரி எடுக்கக் கிளம்பினார். வானொலியில்: "டீச்சர், நம்ம வண்டிச் சக்கரத்தைக் கழட்டித் தரட்டா?"

நான் டீச்சர் அல்ல. அவருடைய அறிக்கைகளில் பிழை திருத்துவதால் அப்படி அழைக்கிறார்.

நாள் 212, பகல் 12.40

மூடுபனி. லாசரின் திசைகாட்டும் கருவி செத்துவிட்டது. கடைசியாகக் கேட்டது: "முன்னால ஒண்ணும் தெரியல டீச்சர். ரெண்டு பக்கமும் பள்ளம். நீங்க சிக்னல் குடுத்தா அதைப் பிடிச்சே வந்துருவேன்."

பிறகு மேடு வானொலி அலையை மறைத்துவிட்டது. அவரிடம் இரவு எட்டு வரைதான் காற்று.

சிக்னலை உயர்த்த வானிலைப் பலூனை ஏற்றினேன், காற்று கிழித்தது. மிச்சம் விமானம்தான். வானொலிக் கருவியை அதில் ஏற்றி, மேட்டைவிட உயரத்தில் பறக்கவிட வேண்டும். கையால் தூக்கி விடுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். நான் கைப்பிடியில் இருக்கிறேன். அது தரையில் ஓடித்தான் எழ வேண்டும். ஆகவே சக்கரம்.

நாள் 212, பிற்பகல் 2.25

நாணயச் சக்கரம்: இரு கற்களுக்கு இடையில் இறங்கிச் சிக்கியது. விமானம் மூக்கு குத்தியது. மூக்கிலுள்ள விசிறி உடைந்தது. இன்னும் இரண்டு உண்டு.

நுரைச் சக்கரம், பெரியது: முதல் கல்லிலேயே ரஸ்க் மாதிரி நொறுங்கியது. இரண்டாவது விசிறியும் போயிற்று. இந்தக் குளிரில் ரப்பரும் கண்ணாடிதான். அதை முயலப்போவதில்லை.

சக்கரம் கல்லைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நசுங்கலாம், உடையக் கூடாது.

நாள் 212, மாலை 4.05

பால்மாவு டின்களின் அலுமினிய மூடிகள். மூக்கு குத்தாதிருக்கச் சக்கரக் கால்களை முன்னால் வளைத்தேன். அதிகம் வளைத்துவிட்டேன், துள்ளியது. ஒரு விரல் அளவு பின்னுக்குத் தள்ளினேன். ஓடியது. எழுந்தது.

உயரவில்லை. இங்கே காற்று கஞ்சி போலக் கனமானது. அகன்ற மூடிகள் அதில் இழுபட்டு வேகம் குறைந்தது, கம்பி தொய்ந்தது. மேட்டின் பாதி உயரம்கூட இல்லை. "...ச்சர்... கேக்கு..." அவ்வளவுதான் வந்தது. இறக்கினேன். உள்ளே வந்து கையிலிருந்த இடுக்கியைச் சுவரில் எறிந்தேன். பிறகு எடுத்துத் துடைத்து இடத்தில் வைத்தேன்.

நாள் 212, மாலை 5.10

பெரிய சக்கரம் இல்லாமல் எழாது. பெரிய சக்கரத்தோடு உயராது.

முடிவு செய்துவிட்டேன். விமானத்துக்குச் சக்கரமே இல்லை. மூடிகளைக் கொண்டு சிறு வண்டி செய்து, அதன்மேல் விமானத்தைப் பொருத்தாமல் சும்மா உட்கார வைத்திருக்கிறேன். வேகம் வந்ததும் விமானம் எழும், வண்டி தரையில் தங்கும். பிறகு இறங்கினால் கற்கள் வயிற்றைக் கிழிக்கும். கடைசி விசிறியும் உடையும். ஒரே ஒரு பறப்பு.

நாள் 212, மாலை 5.50. குரல் பதிவு

கை ஒழியவில்லை. பேசுகிறேன், கருவி எழுதிக்கொள்கிறது. பறக்கிறது. மேட்டுக்கு மேலே.

"டீச்சர்! கணீர்னு கேக்குது. எங்க போனீங்க இம்புட்டு நேரம்?"

"சக்கரம் மாத்திட்டு இருந்தேன்."

"பஞ்சரா?"

"பேச்சைக் குறைச்சிட்டு ஓட்டுங்க, லாசர்."

விமானத்தோடு நானும் சுற்ற வேண்டும். நின்றால் கம்பி என்மேல் சுற்றிக்கொள்ளும்.

நாள் 212, மாலை 6.45. குரல் பதிவு

குமட்டல். தலைக்கவசத்துக்குள் வாந்தி எடுக்க முடியாது. விழுங்குகிறேன். என் உடையில் ஏழரை வரை காற்று. உள்ளே போய்க் காற்று உருளையை மாற்ற ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் விமானம் வானில் நிற்காது.

"டீச்சர், உங்க காத்து எவ்வளவு இருக்கு?"

"போதும்."

"போதும்னா?"

"ரோட்டைப் பாருங்க."

"ரோடா? இங்கன எங்க ரோடு கிடக்கு!"

நாள் 212, இரவு 7.24. குரல் பதிவு

சிவப்பு விளக்கு எரிகிறது. கைப்பிடியை மணிக்கட்டோடு ஒட்டுநாடாவால் கட்டிவிட்டேன். முழங்காலில் சுற்றுகிறேன். கற்கள் உருளுகின்றன.

"டீச்சர், விமானம் தெரியுது! போதும், விட்டுட்டு உள்ள போங்க!"

"பள்ளத்தைத் தாண்டிட்டீங்களா?"

இன்னொரு சுற்று சுற்றிவிட்டேன்.

"லாசர், தாண்டிட்டீங்களா?"

"...தாண்டிட்டேன்."

பொய். அவருக்குப் பொய் சொல்ல வராது.

நாள் 212, இரவு. குரல் பதிவு

ஒரு வெளிச்சம். இடப்பக்கம். இல்லை, பின்னால். இப்போது வலப்பக்கம். ஒரே வண்டியாகத்தான் இருக்க வேண்டும், நான் சுற்றுவதால் எல்லாப் பக்கமும் தெரிகிறது. லாசர், இன்னும் பேசுங்க. கம்பி இறுக்கமாக இருக்கிறது. இன்னொரு சுற்று. இன்னொரு