ஜீப் சாவி என் பையில் இருக்கிறது

சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாகப் புரட்டாதே. உன் மச்சான் வந்து வண்டி கேட்டால், வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடு. என் அண்ணன்தானே, நான் பேசிக்கொள்கிறேன்.

விடிந்ததும் இருப்புக்கொள்ளாமல் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். நீ ஜீப்பின் உயரத்தைக் கூட்டியபோது முன் ஆக்சிலைச் சேஸிஸோடு பிடிக்க ஒரு குறுக்குக் கம்பி மாற்றினாயே, அதன் போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் போய்ப் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. அங்கே ஆட்டம் இருந்தால் எத்தனை தடவை அலைன்மென்ட் பார்த்தும் என்ன பிரயோஜனம்? நேற்றுப் பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டியரிங் வெடவெடவென்று உதறியதே! நீயோ, “நீ ஓட்டுற லட்சணம் அப்படி” என்று ஒரே போடாகப் போட்டாய்.

நிச்சயமாகத் தெரிய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட, இன்னொருவர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். சாயங்காலம் நான் ஸ்டியரிங்கில் உட்காருகிறேன், நீ கீழே படு. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போதும் என் லட்சணம்தானா என்று பார்த்துச் சொல்.

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. வெறும் வயிற்றோடு கிளம்பாதே.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அலமாரியில் இருந்த இன்னொரு சாவியையும் எடுத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. அந்தப் போல்ட்டோடு நீ ஜீப்பை மலை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது என்றுதான்.