புதுப் பெயர்ப் பலகையின் கீழே நின்றவர்

அக்கா,

இன்று காலை நம் வங்கியின் கறம்பக்குடி கிளை ஷட்டரைத் தூக்கியதும் பிளைவுட் வாசனை முகத்தில் அடித்தது. இந்தக் கிளையையும் புதுப்பிக்கப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காண்ட்ராக்டர் ஆட்கள் வந்து பலகைகளைக் கூடத்தில் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அறுத்த மரம், பசை, பெயிண்ட் எல்லாம் கலந்த வாசனை. உள்ளே காலை வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த காவலாளி, "என்ன மேடம், எலி கிலி செத்துக் கெடக்கா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். ஆலங்குடி ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் ஞாபகம் என்று சொன்னால்தான் சரி.

இங்கே இப்போது நான்தான் மேனேஜர். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உங்களிடம் நேரில் பேசியிருக்க வேண்டியதை எழுதிப் பார்க்கிறேன்.

கிளார்க்காகச் சேர்ந்த முதல் வாரம், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆலங்குடி பஸ்ஸில் ஏறி, உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிக்கொண்டிருந்தேன். "நம்ம பிராஞ்சுக்குப் புதுசா வந்த பிள்ளைதானே? இங்கிட்டு வா" என்று பக்கத்து சீட்டிலிருந்த பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். அடுத்த நாளிலிருந்து அந்தப் பை எனக்காகவே அங்கே உட்கார்ந்திருந்தது. திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து நான் வந்து சேர்வதற்குள் கண்டக்டரிடம் இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கியிருப்பீர்கள். ஆறு வருஷம் அப்படிப் போய் வந்தோம். என் கல்யாணம், என் பையன் பிறந்தது, என் மாமியாரோடு எனக்கு வந்த சண்டைகள், எல்லாம் உங்களுக்கு அந்த பஸ்ஸில்தான் தெரிய வந்தது.

ஆபீசர் பரீட்சை எழுதப்போகிறேன் என்று நான் சொன்னபோது என்னைவிட நீங்கள்தான் பரபரத்தீர்கள். "மத்தியானத்துக்கு மேல கூட்டத்த நான் பார்த்துக்கறேன். நீ ரெக்கார்டு ரூம்ல போயிப் படி" என்றீர்கள். ஒரு மாதம் முழுக்க என் கவுண்டருக்கு வந்தவர்களையும் உங்கள் பக்கம் கூப்பிட்டுக்கொண்டீர்கள். நீங்களும் எழுதியிருக்கலாம். எழுதினால் வெளியூர் போக வேண்டும். படுக்கையில் கிடந்த மாமியாரை விட்டுவிட்டு எங்கே போவது என்று கேட்டீர்கள். நான் பாஸ் செய்தேன். நீங்கள் கிளையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தீர்கள்.

ஐந்து வருஷம் வெளியூர்களில் இருந்துவிட்டு ஆலங்குடிக்கே திரும்பினேன். மேனேஜருக்கு அடுத்த நாற்காலி எனக்கு. நீங்கள் அதே பாஸ்புக் கவுண்டரில் இருந்தீர்கள். வந்த அன்று எல்லோர் முன்னாலும் "வாங்க மேடம்" என்று எழுந்து நின்றீர்கள். தனியே இருக்கும்போது "விஜயா, எளைச்சுட்டியேம்மா" என்றீர்கள்.

அந்த வருஷம்தான் நம் வங்கியை இன்னொரு பெரிய வங்கியோடு சேர்த்தார்கள். பெயர் மாறியது, நிறம் மாறியது, கிளையையும் புதுப்பிக்கச் சொல்லி வரைபடம் வந்தது. அந்த வேலையை மேற்பார்க்கும் பொறுப்பை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். பழைய பெயர்ப் பலகையைக் கயிறு கட்டி இறக்கியபோது நீங்களும் வெளியே வந்து பார்த்தீர்கள். "பேரு போனாப் போகுது. ஆளு நாமதானே இருக்கப்போறோம்" என்றீர்கள்.

பாதிக் கூடத்தைத் துணி கட்டி மறைத்துக்கொண்டு மறுபாதியில் வேலை பார்த்தோம். தும்மிக்கொண்டே இருந்தோம். எல்லாம் முடிந்து துணியை விலக்கியபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. கண்ணாடிக் கதவு, குளிர், முகம் தெரியும் டைல்ஸ். மரக் கவுண்டர்களும் சுவரோரமாக இருந்த பெஞ்சுகளும் போய்விட்டன. வாசலை ஒட்டி மூன்று மெஷின்கள் வந்து உட்கார்ந்தன.

முதல் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே வராமல் வெயிலில் நின்றது நினைவிருக்கிறதா? செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா கேட்டார்: "ஏந்தாயி, இங்கிட்டு நம்ம பேங்கு இருந்துச்சே, எங்கிட்டுப் போச்சு?" நீங்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனீர்கள். "எங்கிட்டும் போகல. நான் இருக்கேன்ல, வாங்க. செருப்பப் போட்டுக்கிட்டே வாங்க" என்று அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களும் படியேறினார்கள்.

அதைக் கண்ணாடி அறைக்குள்ளிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்புக் பதிய இனிமேல் கவுண்டர் கிடையாது, மெஷின்தான், ஜனங்களுக்குப் பழக்கிவிட ஒரு ஊழியர் வாசலில் நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. "யாரைப் போடலாம்?" என்று மேனேஜர் கேட்டதும் நான் யோசிக்கவே இல்லை. உங்கள் பெயரைச் சொன்னேன். உங்களுக்குப் பெருமை சேர்ப்பதாகத்தான் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து என் அறைக்கு வந்தீர்கள். "விஜயா, நாள்பூரா நிக்கிறது ஒரு மாதிரியா இருக்கு. மெஷினுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டுக்கட்டுமா?"

"டிராயிங்ல இல்லையேக்கா. ஜோனல் ஆபீஸ்ல தினமும் போட்டோ கேக்குறாங்க. திறப்பு விழா முடியட்டும், பார்த்துக்கலாம்."

"சரிம்மா, அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "இதெல்லாமா கேக்கணும்? போட்டுக்கச் சொல்லுங்க" என்றிருப்பார். நான் கேட்கவில்லை. அடுத்த பதவி உயர்வுக்கான பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. என் பொறுப்பில் நடந்த வேலையில் ஒரு குறைகூட யாருடைய கண்ணிலும் படக்கூடாது என்று இருந்தேன். ஒரு ஸ்டூல் எனக்குக் குறையாகத் தெரிந்தது.

திறப்பு விழா ஐந்து வாரம் தள்ளிப்போனது. ஐந்து வாரமும் நின்றீர்கள்.

விழா அன்று பெரிய அதிகாரி காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டரைக்குத்தான் வந்தார். புதுப் பெயர்ப் பலகைக்குக் கீழே ரிப்பன் கட்டி, சந்தனத் தட்டோடு உங்களை நிறுத்தியிருந்தேன். கார் வந்துவிட்டது என்று போன் வந்ததும் வாசலுக்கு ஓடி வந்தேன். நீங்கள் படியில் உட்கார்ந்திருந்தீர்கள். மேனேஜர் உங்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, கார் வந்துருச்சு. எந்திரிங்க, போட்டோ எடுப்பாங்க."

ஒரு கையில் தட்டு, மறு கையைச் சுவரில் ஊன்றி எழுந்தீர்கள். அப்போது சேலை சற்றே விலகியது. உங்கள் பாதங்கள் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. பார்த்தேன், அக்கா. நான் பார்க்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொள்ளச் சொன்னேன்.

மூன்று வாரத்தில் நீங்கள் நீண்ட விடுப்பில் போனீர்கள். பிறகு விருப்ப ஓய்வு. அதற்குள் எனக்குப் பதவி உயர்வு வந்து இங்கே மாற்றினார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று கேள்விப்பட்டு ஒருமுறை பார்க்க வந்தேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தவள், உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் புதுக் கிளையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். ஊழியர் பற்றாக்குறை, பஸ் வசதி, ஆடிட் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். நீங்கள் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "ஆலங்குடியில அந்த மெஷினு இப்பவாச்சும் ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்டீர்கள். ஓடுவதாகச் சொன்னேன். "நேரமாச்சு, பஸ்ஸுக்குக் கெளம்பு" என்று நீங்கள்தான் அனுப்பி வைத்தீர்கள். அதற்கப்புறம் உங்களை நான் பார்க்கவில்லை.

காரியத்தன்று உங்கள் வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்து பந்தியில் உட்கார வைத்தார். இலையில் அவரே பாயசம் ஊற்றினார்.

"தெறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முந்தித்தாம்மா டாக்டர் சொன்னாரு, கிட்னி ரெண்டும் சுருங்கிப்போச்சுன்னு. ஆபீஸ்ல சொல்லி லீவு போடுன்னேன். 'விஜயாதான் பொறுப்பா நின்னு வேலை பாக்குது. இப்பப் போயிச் சொன்னா அதுக்குச் சங்கடமாப் போயிரும். விழா நல்லபடியா முடியட்டும்'னுட்டா. ஒங்க மேல அம்புட்டுப் பிரியம் அவளுக்கு."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவர் கண்ணில் பெருமை இருந்தது. "சாப்புடுங்கம்மா" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார். முழுவதையும் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாள்பூரா நின்றதால் உங்களுக்கு அந்த நோய் வரவில்லை என்று பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது எனக்கு உதவவில்லை.

இங்கே வந்த வரைபடத்திலும் வாசல் பக்கம் உட்கார இடமில்லை. நான்கு நாற்காலிகள் வேண்டும் என்று ஜோனல் ஆபீசுக்கு எழுதினேன். மறுநாளே சரி என்று பதில் வந்துவிட்டது. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இங்கே கேஷ் கவுண்டரில் ஒரு பெண் இருக்கிறாள், சுமதி என்று பெயர். இன்று காலை கண் சிவந்து வந்தாள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மேடம், வெயிலு" என்றாள். முன்பெல்லாம் அதைக் கேட்டதும் அறைக்குத் திரும்பியிருப்பேன். இன்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவள் கம்ப்யூட்டர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உண்மையிலேயே வெயில்தானா, எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவளும் எதையாவது மூடி வைத்திருக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அவள் கிளம்பும்போது வாசல்வரை கூடப் போய் மறுபடி கேட்டேன். அதே பதில்தான்.

நாளைக்கும் கேட்பேன், அக்கா.

விஜயா