மாணிக்கவேல் என்ற பெயரில் ஒரு கறுப்புக் கட்டம்

தாம்பரம்,
ஜூன் 18.

அன்பு நிஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே உனக்கும் குளிர் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். போன வாரம் நீ போனில் ஒன்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் இல்லை கண்ணு, வாய் வரவில்லை. அதனால்தான் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், அவசரப்படாமல் படி. இங்கே தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. அத்தைக்கு முட்டி வீங்கியிருக்கிறது, ஆனாலும் மார்க்கெட்டில் மீன் கூடையை விட்டு எழுந்திருப்பேனா என்கிறாள். எனக்குப் பள்ளி ஆபீசில் அட்மிஷன் வேலை, விண்ணப்பங்களை டைப் அடித்து விரல் மரத்துப்போகிறது.

வருகிற சனிக்கிழமை அந்த மாநாடு. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பல நாடுகளிலிருந்து கம்ப்யூட்டரில் கூடுகிறார்கள் என்று சொன்னேனே, அதில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றுதான் பெயர், காலேஜில் மூன்று வருஷமும் கடைசி பெஞ்சை விட்டு எழுந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பேசலாம் என்றதும் துணிந்து பெயர் கொடுத்தேன். நம் குப்பத்து ஆட்கள் அறுபத்தொரு பேரை மரமாக வரைந்து அவர்கள் தளத்தில் ஏற்றியிருக்கிறேன், பீரோ கண்ணாடி முன் தினமும் பேசிப் பார்க்கிறேன். உன் அத்தை தாயாரம்மாள் வாசலிலிருந்தே சிரிக்கிறாள், "செத்தவங்களயெல்லாம் கம்ப்யூட்டர்ல கூட்டிக்கினு கூட்டம் போடுறியே, நடுவுல எவனாச்சும் எழுந்து வந்து டீ கேட்டா இன்னாடி பண்ணுவே" என்று. நானும் அப்போது சிரித்தேன்.

அந்த மரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். இறந்த தேதியைப் போட்டால் பெயர் எல்லோருக்கும் தெரியும், போடாவிட்டால் 'வாழ்கிறார்' என்று மட்டும் காட்டும். உன் அப்பா கட்டத்தில் நான் தேதி போடவில்லை. கடலுக்குப் போனவரை நம் வீட்டில் 'போய்விட்டார்' என்று சொல்லும் வழக்கம் இல்லை, கரை ஏறும்வரை 'வெளியே இருக்கிறார்' என்றுதான் சொல்வோம். ஒன்பது வருஷமாக அப்படியே சொல்லி நாக்கு பழகிவிட்டது. அந்தப் பழக்கத்திலேயே அவருடைய பழைய போன் நம்பரையும் அதில் எழுதிவிட்டேன். படகு சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒதுங்கியது உனக்கு நினைவிருக்கும், அப்போது நீ பிளஸ் டூ. ஆள் இல்லை, வலை நனையவில்லை, சோற்று டப்பா மட்டும் தினமும் வீட்டுக்குக் கொண்டுவருவது போலவே கழுவி மூடி வைத்திருந்தது.

இருப்பவர்களின் நம்பருக்கு, இந்த விவரம் சரியா என்று கேட்டு ஒரு செய்தியும், கூட்டத்தில் சேருவதற்கான லிங்க்கும் தானாகவே போகுமாம். எனக்குத் தெரியாது. இரண்டு வாரத்துக்கு முன் அப்பா கட்டத்தில் 'சரி' என்று பதில் வந்திருந்தது. பிறந்த தேதியும் மாறியிருந்தது. நான் போட்டது சர்டிபிகேட்டில் உள்ள ஜூன் ஒன்று. அந்தக் காலத்தில் தேதி தெரியாத பிள்ளைக்கெல்லாம் ஹெட்மாஸ்டர் அதைத்தானே எழுதினார். இப்போது அங்கே ஆகஸ்டு எட்டு என்று இருக்கிறது. ஆடியில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை அவர் பிறந்தார், அந்தத் தேதியைக் காலண்டர் பார்த்துக் கண்டுபிடித்தது அவரும் நானும்தான். அத்தைக்குக் கூழ் தெரியும், தேதி தெரியாது, அவளிடம் இருப்பதோ பட்டன் போன். நீ மாற்றினாயா என்று அன்றைக்கே கேட்டேன், இல்லை என்றாய்.

போன ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஒத்திகை வைத்தார்கள். நடத்துகிற டெபோரா பொத்தேரி காலேஜில் லெக்சரர், தங்கமான பெண். "மேடம், சாரோட கட்டம் இன்னும் 'வாழ்கிறார்'னே இருக்கு, டேட் போட்டுடலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் பதறி, "அவரு வெளியே கீறாரும்மா" என்றேன், அத்தனை பேர் முன்னால் நம் வீட்டுப் பேச்சு அப்படியே வந்துவிட்டது. சொல்லி வாய் மூடவில்லை, பேசுகிறவர்கள் முகம் தெரிகிற திரையின் மூலையில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. முகம் இல்லை, அடியில் மாணிக்கவேல் என்று உன் அப்பா பெயர். சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிப் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. மற்றவர்களுக்கும் கேட்டது கண்ணு, எனக்கு மட்டும் இல்லை. டெபோராவே, "மாணிக்கவேல் சார், பாத்திர சத்தம் வருது, கொஞ்சம் மியூட் போடுங்க" என்றாள். சத்தம் உடனே நின்றது. கட்டம் கடைசிவரை அப்படியே இருந்தது. பழைய நம்பரை இப்போது வேறு யாராவது வைத்திருப்பார்கள், மேடம் பயப்படாதீங்க என்று டெபோரா பிறகு சொன்னாள். நம்பர் கைமாறும், சரி. ஆகஸ்டு எட்டும் கூடவே கைமாறுமா? அந்த நம்பரை அடித்துப் பார்க்க மூன்று முறை போனை எடுத்து மூன்று முறையும் வைத்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அங்கேயே தங்குவதற்கான படிவத்தில் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று எழுத வேண்டும், மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும், அது தப்பாகப் போனால் உன் காரியம் கெட்டுவிடும் என்றாய். சனிக்கிழமை வரை அந்த இடத்தை நிரப்பாதே. அன்றைக்கு அந்தக் கட்டம் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்கப்போகிறேன். கடைசியாகப் போன அன்று டப்பாவில் நான் என்ன வைத்துக் கொடுத்தேன் என்று. போலீசுக்கும் சொன்னதில்லை, உனக்கும் சொன்னதில்லை. பதில் வராவிட்டாலோ தப்பாக வந்தாலோ அங்கேயே தேதி போட்டுவிடுகிறேன், நீயும் இல்லை என்று எழுதிவிடு. ஒன்பது வருஷமாக அவர் வரவேண்டும் என்று கும்பிட்டவள், இந்த ஒரு வாரமாக அந்தப் பதில் சரியாக வந்துவிடக் கூடாதே என்று கும்பிடுகிறேன். கடல் கொண்டுபோனது என்றால் அழுது முடித்துவிடலாம். இல்லையென்றால், நம்மிடம் வராமல் எங்கே உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்?

கன்னியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நீ போன காரியம் நிறைவேறட்டும். தலைக்கு எண்ணெய் வை. சனிக்கிழமை உனக்குக் காலை ஒன்பதரை மணி, கட்டாயம் வந்து உட்கார். நான் கேட்டு முடிக்கும்வரை நீ வாயைத் திறக்காதே. கறுப்புக் கட்டத்தைப் பார்த்ததும் அப்பா என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே, நிஷா.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மா. பொன்னி